வட்டத்துக்கு மேசை எதற்கு?

2019 ஜூன் மாதப் பொதுக்குழுவில் எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நிறுவனர் ஐயாவுக்கு அப்போது 79 வயது. மகள் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அடுத்து யார்?" என்று அவர் கேட்டதும் அறையில் இருந்த பதினெட்டுத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "பேராசிரியர் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?" என்றார் பொருளாளர். அரசுக் கல்லூரியில் 31 ஆண்டுகள் தமிழ் நடத்திவிட்டு அதற்கு முந்தைய மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். மறுத்திருக்கலாம். ஆனால் யாராவது எதற்காவது நம்மைக் கூப்பிட மாட்டார்களா என்று தோன்றுகிற காலம் அது.

நங்கநல்லூரில், பழவந்தாங்கல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது நாங்கள் கூடும் இடம். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளக் கூடம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை 4.30 மணி. விமான நிலையம் பக்கம் என்பதால் தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் பேசுகிறவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திக் காத்திருப்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அது காற்புள்ளி.

தலைவர் பதவி என்றால் மாதம் ஒரு முறை நல்ல புத்தகத்தைப் பற்றிப் பேசுவது என்று நினைத்திருந்தேன். முதல் மாதத்தில் என் கைக்கு வந்தவை புத்தக அலமாரியின் ஒற்றைச் சாவி (மாற்றுச் சாவி நிறுவனர் ஐயாவின் பெட்டியோடு கோயம்புத்தூர் போய்விட்டது), பாதி எழுதிய தீர்மானப் புத்தகம், வங்கியில் யாரும் எடுக்க முடியாத 11,000 ரூபாய் ஆகிய மூன்றும்தான். எங்கள் வட்டம் பதிவு பெற்ற சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கிவிடலாம். தொடங்குவது எளிது, நடத்துவதுதான் வேலை. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். எங்கள் கணக்கு இரண்டு ஆண்டுகளாகத் தாக்கல் செய்யப்படவே இல்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒருவர் செய்வார் என்று இன்னொருவர் இருந்துவிட்டார்.

வங்கிக்கு நான்கு முறை நடந்தேன். கையெழுத்திடும் அதிகாரத்தை மாற்ற, கூட்டத் தீர்மானத்தின் நகல் கேட்டார்கள். தீர்மானப் புத்தகத்தைத் திறந்தால் "பேராசிரியர் அவர்கள் ஒருமனதாகத் தலைவராகத் தேர்வு. தேநீருடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்று மட்டும் இருந்தது. என் பெயரே இல்லை! அந்தத் தீர்மானத்தை வைத்துத் தமிழ்நாட்டில் எந்தப் பேராசிரியரும் எங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்திருக்கலாம். மறுபடி கூட்டம் கூட்டி, முழுப்பெயர், பதவி, தேதி, யார் முன்மொழிந்தது, யார் வழிமொழிந்தது எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பொறுப்பேற்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களை உட்கார வைத்துவிட்டு முதலில் பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், வங்கிப் புத்தகம், கடைசியாகத் தாக்கல் செய்த கணக்கின் ரசீது இவை நான்கும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வருகிற மௌனத்தின் நீளத்தை வைத்தே சங்கத்தின் உடல்நிலையைச் சொல்லிவிடலாம்.

அந்த நாட்களில், இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படும் எஸ். ஆர். ரங்கநாதனை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன சில நாட்களிலேயே திரும்ப வகுப்பறைக்கே வந்துவிடுகிறேன் என்று கேட்டவர் அவர். பிறகு லண்டன் போய் வந்து அவர் செய்ததெல்லாம் ஊரறிந்த கதை. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். அவ்வளவு பெரிய மனிதருக்கே முதலில் ஓடிவிடத் தோன்றியிருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

காகித வேலை எப்படியோ முடிந்தது. நான் உண்மையில் தோற்றது வேறு இடத்தில். 2020 ஜனவரிக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது பொருளாளர் ஒரு தேநீர் ரசீதை என்னிடம் நீட்டினார். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதி வைக்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ரசீதின் பின்பக்கம் பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள், அவற்றின் கீழே இரண்டு எண்கள்.

"என்ன சார் இது?"

"மொத்தம் 90 நிமிடம், அம்மா. அதில் தாங்கள் பேசியது 52."

கேலியாகச் சொல்லவில்லை. கணக்கில் வித்தியாசம் கண்ட மாதிரி சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, ஜூனில் பதினெட்டுப் பேர் வந்தோம், இன்று ஒன்பது பேர் என்றும் சேர்த்துக்கொண்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. நான் பேசியதெல்லாம் தவறா, தெரியாததையா சொன்னேன் என்று மனதுக்குள் வாதாடினேன். விடியும் நேரத்தில்தான் புரிந்தது. நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான் சிக்கல். ஒரு பேராசிரியர் சரியான விடையைச் சொல்லி முடித்த பிறகு மற்றவர்களுக்குத் தேநீர் குடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி அங்கே ஒரு நூல் கலந்துரையாடல் குழுவில் இருந்தவள். அவளிடம் புலம்பியபோது கிரேட் புக்ஸ் ஃபவுண்டேஷனைப் பற்றிச் சொன்னாள். சிகாகோவில் ராபர்ட் ஹட்சின்ஸும் மார்டிமர் ஆட்லரும் 1947இல் தொடங்கியது. இருவரும் பல்கலைக்கழகத்துக்காரர்கள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண மக்கள் கூடிப் படித்துப் பேச வேண்டும் என்று அதை ஏற்படுத்தினார்கள். அந்த முறையில் விதிகள் சிலவே. நூலைப் படித்தவர்தான் பேசலாம். அந்த நூலை விட்டு வெளியே போகக் கூடாது. கருத்துச் சொன்னால் நூலிலேயே ஆதாரம் காட்ட வேண்டும். நடத்துகிறவர் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், அதுவும் தனக்கே விடை உறுதியாகத் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். கடைசி விதியைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 31 ஆண்டுகளும் விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான்.

இதில் முதல் விதி நம் ஊருக்குச் சரிப்படாது என்பது என் முடிவு. வீட்டையும் கடையையும் பார்த்துவிட்டு வருகிற பெண்களிடம் "படிக்கவில்லையா, பேசாதே" என்றால் அடுத்த மாதம் வரவே மாட்டார்கள். மாறாக, நூலிலேயே ஆதாரம் காட்ட வேண்டும் என்ற விதி எங்களுக்குப் பொன்னாக அமைந்தது. சாதி, கட்சி, நடிகர் என்று பேச்சு எங்கே போனாலும் "எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்ற ஒரு கேள்வி திரும்பக் கூட்டி வந்துவிடும். யாரையும் அடக்கியதாகவும் ஆகாது.

பிப்ரவரிக் கூட்டத்தில் நான் செய்த முதல் வேலை மேசையை எடுத்தது. எங்கள் பெயர் வாசகர் வட்டம். ஆனால் நாற்காலிகள் மூன்று வரிசையாக இருக்கும். எதிரே விரிப்புப் போட்ட மேசை, தண்ணீர்ப் பாட்டில், பின்னால் தலைவருக்கு மட்டும் கைவைத்த நாற்காலி. தமிழில் நாலு பேர் கூடினால் அது தானாகவே மேடையாகிவிடும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை, நடுவில் ஒரு பொன்னாடை. மேசை இருக்கும்வரை அதன் பின்னால் இருக்கிறவர் பேசுவார், முன்னால் இருக்கிறவர் கேட்பார். என்ன விதி போட்டாலும் மரம் ஜெயித்துவிடும். எனவே மேசையைச் சுவரோரம் தள்ளித் தேநீர்க் குடுவையை அதன்மேல் வைத்தேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். என் நாற்காலி எது என்று தெரியாதபடி கைவைத்த நாற்காலியைக் கால்வலி உள்ள ஒரு பெரியவருக்குக் கொடுத்தேன்.

எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், "தலைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியவில்லையே, இது என்ன சபை?" என்று எழுந்து போய்விட்டார். மூன்று மாதம் அவர் வரவில்லை. சந்தாவை 300இலிருந்து 400 ரூபாயாக உயர்த்தியபோதுகூட இவ்வளவு மனத்தாங்கல் இல்லை.

அடுத்து 2020 மார்ச் 8. பொதுமுடக்கத்துக்கு முன் நேரில் கூடிய கடைசிக் கூட்டம் அது என்று அன்று யாருக்கும் தெரியாது. யாரும் படிக்காமல் வந்தாலும் பரவாயில்லை என்று குறுந்தொகையிலிருந்து ஒரே ஒரு பாட்டு எடுத்தேன். 25ஆம் பாட்டு, கபிலருடையது, ஐந்தே அடி. சந்தி பிரித்து, எழுத்தைப் பெரிதாக்கி, அருஞ்சொற்களுக்கு மட்டும் அடியில் பொருள் போட்டு அச்சடித்துக் கொடுத்தேன். உரை போடவில்லை. உரை போட்டால் எல்லோரும் அதைத்தான் படிப்பார்கள். பாட்டில் தலைவி சொல்வது இவ்வளவுதான்: அவன் என்னைச் சேர்ந்த அன்று வேறு யாருமே இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி, தினைத் தாள் போலச் சிறு பசுங்கால் கொண்ட குருகு ஒன்றும் அங்கே இருந்தது.

இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொன்னேன், இரண்டு பேரை. பிறகு கேட்டேன்: "யாருமே இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு பறவை இருந்தது என்று ஏன் சொல்கிறாள்?"

யாரும் பேசவில்லை. இந்த இடத்தில்தான் ஆசிரியர்கள் தோற்போம். நாலு நொடி தாங்க மாட்டோம், நாமே விடை சொல்லிவிடுவோம். நான் முந்தானைக்குள் கையை வைத்து விரல்கோடுகளில் இருபதுவரை எண்ணினேன். பதினான்கில் பொருளாளர் வாயைத் திறந்தார். "குருகு சாட்சி சொல்லாது, அம்மா. அதற்குப் பசி. அதன் கண் மீன்மேல் இருக்கிறது." நான் வகுப்பில் சொல்லி வந்ததும் ஏறக்குறைய இதுதான். பேசாமல் இருந்தேன்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் அப்போது இரண்டு ஆண்டாக வந்துகொண்டிருந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்?" என்று கேட்டார். யாருக்கும் புரியவில்லை. "கால் எவ்வளவு மெலிசு, என்ன நிறம் என்றுகூடச் சொல்கிறாளே. அவன் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பார்க்க வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தால் கண்ணுக்கு அந்தக் கால்தானே படும்? அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள்."

அப்போது பார்த்து ஒரு விமானம் போனது. போகும்வரை எல்லோரும் காத்திருந்தோம். அந்த முப்பது நொடியும் எனக்குத் தேவைப்பட்டது. அந்தப் பாட்டை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன்! உள்ளுறை, இறைச்சி, முதல் கரு உரி என்று அகப்பாட்டின் இலக்கணத்தைக் கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறேன். அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த விளக்கம் சரியா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. "நன்றாகச் சொன்னீர்கள்" என்று மதிப்பெண் போடாமல், "வேறு யாராவது?" என்று மட்டும் கேட்டேன். அன்று ரசீதின் பின்பக்கம் என் கணக்கு 11 நிமிடம்.

கேள்வி கேட்பது பற்றி அதற்குப் பிறகு கொஞ்சம் கற்றுக்கொண்டேன். "இந்தக் கதையின் கருத்து என்ன?" என்பது பேச்சைக் கொன்றுவிடும். எல்லோரும் பத்தாம் வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். "அவன் செய்தது சரியா தவறா?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பட்டிமன்றம் ஆகிவிடும், இரண்டு அணி பிரிந்து கைதட்டலும் தொடங்கிவிடும். "எந்த வரியில் நின்றீர்கள்? அதைப் படித்துக் காட்டுங்கள்" என்பதுதான் எங்களுக்கு உதவியது. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் ஒரு வரி மட்டும் படிக்க வேண்டும், விளக்கம் கூடாது. பேசத் தயங்குகிறவர்களுக்கு வரி படிப்பதில் தயக்கம் இருப்பதில்லை. ஒருமுறை குரல் வெளியே வந்துவிட்டால் அடுத்த முறை எளிது. கணவரோடு வருகிற பெண்களை அவரிடமிருந்து நாலு நாற்காலி தள்ளி உட்கார வைப்பதும் பலன் தந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பொதுமுடக்கத்தில் கைப்பேசியில் கூடினோம். ஜூமில் பணம் கட்டாதவர்களுக்கு 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். பலரும் இதைக் குறையாகச் சொன்னார்கள். நான் பணம் கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனையை வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். நாற்பது நிமிடம்தான் என்று தெரிந்தால் தமிழர்கள் முன்னுரை இல்லாமல் பேசுகிறார்கள். எழுந்து போன மூத்தவரும் அப்போதுதான் திரும்ப வந்தார். திரையில் எல்லோருக்கும் ஒரே அளவுக் கட்டம், தலைவருக்கும் அதே கட்டம் என்பதில் அவருக்குத் தகராறு இருக்கவில்லை.

புத்தகம் கிடைப்பது பெரிய பாடு. பதினைந்து பேர் ஒரே நாவலை வாங்க வேண்டும் என்றால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள், அதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஆண்டுக்கான பட்டியலை டிசம்பரிலேயே முடிவு செய்துவிடுகிறோம். ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்குச் சேர்ந்து போய் 10 சதவீதத் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம். ஆறு மாதம் புத்தகம், ஆறு மாதம் அங்கேயே படித்து முடிக்கிற அளவுக்குச் சிறுகதையோ பாட்டோ. நகல் எடுத்துக் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்த படைப்பா, அரசு நாட்டுடைமை ஆக்கியதா என்று பார்த்துத்தான் எடுக்கிறோம். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கும்போது பழைய நூல்களுக்குக் குறையே இல்லை. வாழும் எழுத்தாளரின் கதை என்றால் புத்தகத்தை வாங்கத்தான் வேண்டும். எழுத்தாளரைக் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. அழைத்தால் அவர் கையிலும் ஒரு சரியான விடை இருக்கும்.

இதைவிடச் சங்கடமானது புத்தக வெளியீடு. உறுப்பினர் ஒருவர் தம் சொந்தக் கவிதை நூலை எங்கள் கூட்டத்தில் வெளியிட வேண்டும் என்றார். நல்ல மனிதர், நோயுற்றபோது எனக்கு மருந்து வாங்கி வந்து கொடுத்தவர். நான் தனியாக மறுத்திருந்தால் பேராசிரியர் திமிர் என்று ஆகியிருக்கும். செயற்குழுவில் வைத்தேன். துணைவிதியில் "வெளியீடு, பாராட்டு, பொன்னாடை இல்லை" என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று வாக்கெடுத்தோம். ஐந்துக்கு இரண்டு. தோற்ற இரண்டில் ஒரு வாக்கு அவருடையது, இன்னொன்று என்னுடையது. கைதூக்கும் நேரத்தில் அந்த மருந்துப் பொட்டலம் நினைவுக்கு வந்துவிட்டது. அவர் இன்றும் வருகிறார். கவிதைகளை எனக்கு மட்டும் அனுப்புகிறார்.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் கூடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அலமாரியின் கீழ் இரண்டு தட்டும் போய்விட்டன. கீழ்த்தட்டில்தான் கனமான புத்தகங்களை வைத்திருந்தோம், அலமாரி சாயாமல் இருக்க. தீர்மானப் புத்தகம் மேல்தட்டில் இருந்ததால் பிழைத்தது. அடுத்த ஞாயிறு கலந்துரையாடலுக்குப் பதிலாக மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து ஒவ்வொரு தாளுக்கும் இடையில் செய்தித்தாள் வைத்தோம். இப்போது கீழ்த்தட்டில் மடக்கு நாற்காலிகள் மட்டும்.

செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம். மறுபடியும் அதே ஆட்களைத் தேர்ந்தெடுக்கத் தடை இல்லை, அதனால் 2022இல் என்னையே திரும்பப் போட்டார்கள். 2025இல் அப்படி நடக்கக் கூடாது என்று இரண்டு ஆண்டு முன்பிருந்தே வேலை செய்தேன். ஒவ்வொரு கூட்டத்தையும் வேறொருவர் நடத்த வேண்டும் என்று முறை வைத்தோம். நடத்துகிறவரோடு முந்தைய வாரம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேள்விகளை மட்டும் தயார் செய்வேன். பதிவாளர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் ஒருமுறைகூடத் தனியாகப் போகவில்லை, யாரையாவது கூட அழைத்துக்கொண்டேன். வரிசையில் நிற்கும்போதுதான் நிர்வாகம் கற்றுக்கொடுக்க முடிகிறது.

தையல் கடை அம்மாதான் இப்போது தலைவர். எட்டாம் வகுப்போடு நின்றவர் என்று அவரே தயங்கினார். தீர்மானத்தில் முழுப்பெயர் எழுதினோம், முன்மொழிந்தவர் பொருளாளர், வழிமொழிந்தவள் நான். போன மாதக் கூட்டத்தில் ஒரு கதையைப் பற்றி நான் ஆர்வமாக ஆரம்பித்து இரண்டாம் நிமிடத்தைத் தொட்டபோது, "அம்மா, எந்தப் பக்கம்?" என்று கேட்டார். புத்தகத்தைத் தேடினேன். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அலமாரிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒற்றைச் சாவிதான். மாற்றுச் சாவிக்காக நிறுவனர் ஐயாவின் மகளுக்கு மூன்று முறை போன் செய்தாகிவிட்டது. தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.